ஷூ ரேக் மேல் ஒரு ஸ்டேஷன்

அன்பு மகளுக்கு,

அப்பா வாழ்த்துகளோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். சுவர் மட்டும் கொஞ்சம் சௌக்கியமில்லை. உன்னுடைய, மாப்பிள்ளையுடைய உடம்பைப் பற்றி விவரமாக எழுதவும். சுவரைப் பற்றிப் போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி அவள் பாஷையில் ஒப்பித்துவிடுவாள். குற்றம் செய்தவன் கையாலேயே வாக்குமூலம் எழுதிவிடுவது மரியாதை என்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

இப்போது இடுப்பில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குளிர் இல்லை. என் கால்சட்டை உன் அம்மா கையில் இருக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் ஊரார் கால்சட்டையைத் தைத்தவன், ஒரு கிராக்கியாவது தையல் விட்டது என்று திரும்பி வந்ததில்லை என்று கடையில் போர்டு மாட்டாத குறையாகப் பேசியவன், இன்றைக்குக் காலையில் தையல் மிஷின் பக்கத்தில் ரயில் பலகைக்கு அடியில் தலையை நுழைத்துக் குனிந்தேன். டர்ரென்று ஒரு சத்தம். துணி சத்தம் எனக்குத் தெரியாதா? நடு மூட்டு, மேலிருந்து கீழ் வரை. அந்த நேரம் பார்த்து, சுவரில் விழுந்த ஓட்டையைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் டார்ச்சோடு வந்து என் பின்னால் நிற்கிறார். மனுஷன் டார்ச்சைச் சுவரில் அடிக்கவில்லை. "டைலர் சார், ஓட்டை ஒண்ணுன்னுதானே சொன்னீங்க?" என்றார். உன் அம்மா சிரித்த சிரிப்பில் தண்டவாளத்தில் நின்ற ஒரு பெட்டி தானாகக் கவிழ்ந்தது. நல்லது. இந்த வீட்டில் ஒருத்தராவது சந்தோஷமாக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் மூல காரணம் யார் என்று நான் சொல்லமாட்டேன். நான் கடையை மூடிய அன்றைக்கு, அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அம்மாவுக்குத்தான் கஷ்டம் என்று பெரிய மனசு பண்ணி, ஒரு இஞ்சின், நாலு பெட்டி, கொஞ்சம் தண்டவாளம் அடங்கிய அட்டைப் பெட்டியை வாங்கி அனுப்பிய மகராசி யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். பெட்டி மேல் 'எட்டு வயது முதல்' என்று அச்சடித்திருந்தது. எந்த வயதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அச்சடிக்கவில்லை. அதுதான் அவர்கள் செய்த தவறு. ரயில் என்றால் என்னவோ என்று நினைக்காதே. தண்டவாளத்தின் அகலம் என் சுண்டுவிரல் நகம் அளவு. இஞ்சினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேனா என்று சொல்லலாம். இவ்வளவு சின்ன ரயிலுக்கு இடமா இல்லை என்று நானும் இளப்பமாக நினைத்தேன். அது நேராக ஓடும்வரை சாது. திரும்ப வேண்டும் என்றால்தான் அதன் குணம் தெரிகிறது. ஒரு அரை வட்டம் அடிக்க ஒன்றே முக்கால் அடி அகலம் கேட்கிறது. நம் ஹாலில் உன் அம்மா திரும்ப வேண்டும் என்றாலே நான் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வரவேண்டும். இந்த லட்சணத்தில் ரயில் எங்கே திரும்புவது?

முதலில் தரையில் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் அழகாக ஓடியது. ஆறாவது நிமிஷம் முனகியது. ஏழாவது நிமிஷம் நின்றது. தூக்கிப் பார்த்தால் வயிற்றில் முள்ளம்பன்றி மாதிரி குண்டூசி. மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறதாம், நான் வருஷக்கணக்காகச் சிந்திய குண்டூசியையெல்லாம் பொறுக்கித் தின்றிருக்கிறது. உன் அம்மா இஞ்சினைக் கையில் வாங்கி, "முப்பது வருஷமா ஊசியைப் பொறுக்குங்க பொறுக்குங்கன்னு கத்தினேன். கடைசியில நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஜென்மம் இதுதான்" என்று அதைத் தடவிக்கொடுத்தாள். அன்றிலிருந்து ரயில் அவள் கட்சி.

தரை வேண்டாம், சுவர் ஓரமாகப் பலகை அடிக்கலாம் என்று முடிவு செய்தேன். யோசனை உண்மையில் நல்ல யோசனை, அதை மட்டும் யாரும் குறை சொல்லவேண்டாம். தையல் மிஷின் பக்கத்தில், ஹாலின் இடது கோடியில், ஒரு வளைவு. அங்கிருந்து பின்சுவரை ஒட்டி ஆறு அங்குல அகலத்தில் ஒரு பலகை, அதன் மேல் போக ஒரு பாதை, வர ஒரு பாதை. மறு கோடியில் படுக்கையறைச் சுவரில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாக ரயில் படுக்கையறைக்குள் போய்க் கட்டில் காலடியில் திரும்பி வரவேண்டியது. ஹாலும் நெரியாது, ரயிலுக்கும் தூரம் கிடைக்கும். இஞ்சினியர் படித்தவன்கூட இவ்வளவு யோசிக்கமாட்டான் என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன். வேறு யாரும் பாராட்டக் காத்திருந்தால் காலம் போய்விடும்.

என் கைக்குத் தெரிந்தது ஒரே வேலை. கோட்டுக்கு வெட்டுவது மாதிரி பிரவுன் பேப்பரில் முழு ரயில் பாதையையும் வெட்டினேன். அளவு நாடா, சாக்பீஸ், கத்தரிக்கோல், எல்லாம் பழைய ஆட்கள்தான். வளைவுக்குச் சட்டையின் கைக்குழி வளைவையே போட்டேன், அழகாக வந்தது. ஆனால் மனுஷனின் கை வளைகிற மாதிரி ரயில் வளையாதாம், கடைசிப் பெட்டி ஒவ்வொரு முறையும் அக்குளில் விழுந்தது, திரும்ப வெட்டினேன். இரண்டு பக்கமும் தையலுக்கு விடுகிற மாதிரி இரண்டிரண்டு அங்குலம் கூடுதலாக விட்டிருக்கிறேன். "பலகையை எதோட சேர்த்துத் தைக்கப் போறீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். நமது ஹாலின் பின்சுவர் பதினோரு அடி. என் பலகை பதினோரு அடி நாலு அங்குலம். அந்த நாலு அங்குலத்தைப் பற்றி நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை, தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டேன்.

துளை போட ஆள் வந்தார். அன்றைக்கு ஹால் சாமானெல்லாம் நடுவில் குவிந்து கிடந்தது, நாலு சுவரும் ஒரே முகமாக இருந்தன. பேப்பரைச் சுவரில் குண்டூசியால் குத்தினேன், துளை வரவேண்டிய இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன், பசை வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. டிரில்காரர் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வேர்வையைத் துடைக்கிறார். உன் அம்மா என்னைப் பார்க்கிற பார்வை நன்றாக இல்லை.

"ஏங்க, படுக்கையறை எந்தப் பக்கம்?"

"இது என்ன கேள்வி, அந்தப் பக்..."

கையை நீட்டினேன். கை போன பக்கம் சுவர் அம்சமாக இருந்தது. ஓட்டை இருந்தது எதிர்ச் சுவரில். அதாவது பல் டாக்டர் வீட்டுச் சுவரில்.

"சார், குறி இங்கதான் போட்டிருந்துச்சு. நான் குறியைப் பார்த்துத்தான் போடுவேன். வீட்டைப் பார்த்துப் போடமாட்டேன்" என்றார் டிரில்காரர். எவ்வளவு உயர்ந்த கொள்கை!

எப்படி நடந்தது என்று நீ கேட்பாய். எல்லாரும் கேட்டார்கள். துணியை எப்போதும் உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்துத்தான் நாங்கள் பேப்பர் வைத்துச் சாக்பீஸ் போடுவோம். அந்தப் பழக்க தோஷத்தில் பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், இடது வலதாகவும் வலது இடதாகவும் போய்விட்டது என்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன். டைலர்தான் இப்படித் தப்புச் செய்யமுடியும், வேறு யாராலும் முடியாது என்று எல்லாரும் ஒரே மனசாக ஒப்புக்கொண்டார்கள். உன் அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பேப்பரைக் கழற்றி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, நாலாக மடித்து, மிஷின் டிராயரில் வைத்தாள். 

ஓட்டை அந்தப் பக்கம் எங்கே வெளியே வந்தது என்று கேள். டாக்டர் பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கி போட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து எடுத்த போட்டோ, கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். டிரில்காரர் அளவு பார்க்க முதலில் போட்ட மெல்லிய துளை, சரியாக அந்தப் போட்டோவின் முன்பல்லில் வந்து எட்டிப் பார்த்து, அதைக் கீழே தள்ளியிருக்கிறது. நல்ல வேளை, வீட்டில் ஆள் இல்லை. டாக்டர் அன்று கிளினிக்கிலிருந்து வந்து பார்த்தாராம், பிறகு நம் வீட்டு மணியை அடித்தார். கையில் அந்தப் போட்டோ.

"டைலர் சார், இருபத்தேழு வருஷமா நான் ஊர்க்காரங்க பல்லுல ஓட்டை போடுறேன். ஒருத்தரையாவது கேக்காம போட்டிருக்கேனா?"

"வலிச்சுதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான். மனுஷன் ஒரு விநாடி என்னை முறைத்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு, போட்டோவில் சிரித்ததைவிட நன்றாக இருந்தது.

இன்று காலை டார்ச்சும் வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியும் எடுத்து வந்ததற்கு இதுதான் காரணம். முதலில் என் ஓட்டையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி முடித்து, நான் போர்வைக்குள் போனபிறகு, சுவர் ஓட்டைக்குள் கண்ணாடியை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆழம் ஒன்பது அங்குலம். சுத்தியுள்ள சுவர் நல்லா இருக்கு. அடைக்கிறது வீண் வேலை" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரயில் எங்க வீட்டுப் பக்கம் வந்தா, திரும்ப எவ்வளவு இடம் வேணும்?" என்று கேட்டார். நான் ஒன்றே முக்கால் அடி என்றேன். "ஷூ ரேக் ரெண்டடி இருக்கு" என்றார்.

ஆகவே மகளே, கட்டில் காலடிக்கு என்று வெட்டிய வளைவு இப்போது டாக்டர் வீட்டு ஷூ ரேக் மேல் இருக்கிறது. பலகையில் மிஞ்சிய நாலு அங்குலம் சுவர் ஓட்டைக்குள் போய்விட்டது. அங்கே ஒரு ஸ்டேஷனும் வந்துவிட்டது, பற்பசை அட்டைப் பெட்டியில் அவரே கட்டியது. நம் வீட்டுப் பக்கம் இருக்கிற குட்டி ஊர் முழுக்க என் கைவண்ணம். கோட்டுக்குள் வைக்கிற தோள்பட்டைப் பஞ்சு இரண்டைப் பச்சைத் துணியில் போர்த்தினால் மலை. நூல் சுற்றிய கட்டைகள் மரங்கள். பிளாட்பாரத்தில் நிற்கிற ஜனங்கள் பொத்தான்கள், பெரியவர்களுக்குக் கோட்டுப் பொத்தான், சின்னவர்களுக்குச் சட்டைப் பொத்தான். "இது ஊரா, பாதி தைச்ச கோட்டா?" என்று உன் அம்மா கேட்டாள். ரசனை இல்லாதவர்களோடு எவ்வளவுதான் பேசுவது?

மதியம் முதல் ஓட்டம். நான் இந்தப் பக்கம் விசையைத் திருகினேன். ரயில் மலையைச் சுற்றியது, நேர்ப்பாதையில் கம்பீரமாகப் போனது, சுவருக்குள் நுழைந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கமிருந்து டாக்டர், "இன்னும் வரலியே!" என்கிறார். நான், "இங்க கிளம்பிடுச்சே!" என்கிறேன். இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் போய்க் கவிழ்ந்து கிடக்கிறது. நான் அடிக்கோலை விட்டுத் தள்ளினேன். அவர் பல் பிடுங்குகிற இடுக்கியை விட்டு இழுத்தார். "தள்ளாதீங்க சார், ஆடுது, வந்துடும்... லேசா... ஆங்!" என்று தொழில் பாஷையிலேயே ஒவ்வொரு பெட்டியாகப் பிடுங்கி எடுத்தார். கடைசிப் பெட்டி வந்ததும், "கொப்பளிச்சுக்குங்க" என்று ஓட்டை வழியாகச் சொன்னார். நாலாவது தடவை சரியாக ஓடியது. இப்போது மூன்று மணி நேரமாக ஓடுகிறது. அதில் ஒரு முறை அவர் வீட்டிலிருந்து ஒரு சீட்டு வந்தது: 'தங்கள் வண்டியில் குண்டூசி ஒன்று டிக்கெட் இல்லாமல் பயணம் செய்து என் பாதத்தில் இறங்கியது. நடவடிக்கை தேவை.' உன் அம்மா அதற்குப் பதிலாக ஒரு பஞ்சுத் துண்டை அனுப்பிவைத்தாள்.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. நீங்கள் இருக்கிற வீட்டின் முன்னறை காலியாகக் கிடக்கிறது, மாதக் கடைசிக்குள் நாம் சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார், அம்மாவும் நீங்களும் வந்து எங்களோடு இருங்கள் என்று நீ இரண்டு தடவை கேட்டாய். முதல் தடவை கேட்டபோது, மாப்பிள்ளை எதிரிலேயே, கத்தரிக்கோல் பிடிக்கிறவரைக்கும் யார் வீட்டிலும் போய் உட்காரமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன், எனக்கே பிடித்திருந்தது. பிறகு ஊசியின் காது எனக்கு மட்டும் மூடிக்கொண்டது, நூல் கோத்துக் கொடுப்பது உன் அம்மா என்றாகிவிட்டது, கடையையும் மூடியாயிற்று. அது வேறு விஷயம். சொன்ன சொல் சொன்ன சொல்தானே. கத்தரிக்கோலை இன்னும் பிடிக்கத்தான் செய்கிறேன், பார், பேப்பர் வெட்டினேனே.

உன் அம்மாவைக் கேட்டால், "எனக்கென்ன, அவர் எங்கேயோ நான் அங்கே" என்று சொல்கிறாள். சொல்லிவிட்டு, முன்னறை ஜன்னலில் காலை வெயில் வருமா மாலை வெயில் வருமா என்று என்னிடம் கேட்கிறாள். போன வாரத்தில் மட்டும் இதை மூன்று தடவை கேட்டுவிட்டாள். இன்றைக்கு ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏங்க, இதைக் கழட்டவே முடியாதா?" என்றாள்.

"முடியாது."

"ஆணியா, பசையா?"

"ரெண்டும்."

"அப்போ இந்த இடத்தை விட்டு நகர முடியாதுன்னு சொல்லுங்க."

"ரயில்வேன்னா அப்படித்தான். போட்டா போட்டதுதான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு என் கால்சட்டையைத் தைக்கப் போய்விட்டாள். டாக்டரும் காலையில் பலகைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, "மூட்டுக்கு மூட்டு இது எதுக்கு சார் கொக்கி?" என்று கேட்டார். ரவிக்கைக்கு வைக்கிற கொக்கிதான், கொஞ்சம் பெரியது. கூட்டிப் பெருக்க வசதிக்கு என்றேன். "சுவத்துல அடிச்ச பலகையைக் கழட்டியா பெருக்குவீங்க?" என்றார். பல்லைப் பார்க்கிறவர் பல்லை மட்டும் பார்த்தால் போதாதா?

ஆகையால், இரண்டு குடும்பங்களை இணைக்கிற ஒரு ரயில் பாதையைப் போட்டுவிட்டு, பாதியில் விட்டுவிட்டு வர ஒரு பொறுப்புள்ள மனிதனால் முடியாது என்பதை நீயும் மாப்பிள்ளையும் புரிந்துகொள்ள வேண்டும். போன தடவை வந்தபோது உன் முன்னறைக்குத் திரைச்சீலை தைத்துத் தருகிறேன் என்று, நீங்களெல்லாம் வெளியே போயிருந்த நேரம் அளவு நாடா பிடித்து அளவெடுத்துக்கொண்டு வந்தேனே, அதுவும் இன்னும் தைக்கவில்லை. மன்னிக்கவும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நலமும் பெருகட்டும். வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையின் நீலக் கால்சட்டை இடுப்பில் பிடிக்கிறது என்று சொன்னார், உள்ளே இரண்டு அங்குலம் விட்டுத்தான் தைத்திருக்கிறேன், பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்.

அன்புடன்,
போர்வைக்குள்ளிருந்து,
உன் அப்பா

பி.கு.: கால்சட்டை வந்துவிட்டது. தையல் என்னுடையதைவிட நெருக்கமாக இருக்கிறது, அதைப் பற்றி இப்போது பேசவேண்டாம். அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது உன் அம்மா, மடித்து வைத்த அந்தப் பேப்பரையும் மேலே வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அதனால் இதை எழுதவேண்டியிருக்கிறது. முப்பத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு பேப்பரையும் கவிழ்த்து வைத்ததில்லை. அன்றைக்கும் வைக்கவில்லை. நான் வெட்டியது இரண்டு பேப்பர். நம் ஹாலுக்கு ஒன்று, இன்னொன்றுக்கு ஒன்று. பலகைக்காரரிடம் கொடுத்தது எது, சுவரில் குத்தியது எது என்று இப்போது பார்த்தால், இரண்டு தடவையும் கை எடுத்தது அந்த இன்னொன்றைத்தான். நம் ஹால் பேப்பர் மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடக்கிறது. உன் முன்னறையின் நீளச் சுவர் பதினோரு அடி நாலு அங்குலம். இடது பக்கச் சுவரில் உள்ளறைக்குத் திறக்கிற சின்ன ஜன்னல் ஒன்று இருக்கிறதே, அதில் ரயில் தாராளமாகப் போகும், துளை போடவேண்டாம், வீட்டுக்காரர் பயப்படவேண்டாம். பலகை மொத்தம் ஐந்து துண்டு. ஆணியும் இல்லை, பசையும் இல்லை, கொக்கிதான். அவிழ்க்கக் கால் மணி நேரம் போதும். டாக்டருக்கு ஷூ ரேக் அளவில் தனியாக ஒரு வட்டம் வெட்டிக் கொடுத்துவிட வேண்டும், பாவம், ஸ்டேஷன் கட்டியிருக்கிறார்.

ஜன்னலில் வருவது காலை வெயில். உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை, நீ சொல். அந்த அறையை வேறு யாருக்கும் விடவேண்டாம் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லிவை. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்காதே. கேட்டால் வரமாட்டேன் என்றுதான் சொல்லுவேன்.